காது கேட்காது, ஆனால் சத்தமும் தாங்காது: ஓட்டிசத்தோடும் ஷெல் அடியோடும் வாழும் ஒரு செவி

“எனக்கு இடது காது சரியாகக் கேட்காது.”
“எனக்குச் சத்தம் தாங்காது.”

இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் சொன்னால், இரண்டில் ஒன்று பொய் என்றுதான் அவர் நினைப்பார். கேட்காத காதுக்கு எப்படிச் சத்தம் கூடிப்போகும்? கேள்வி நியாயமானதுதான். அதற்கு ஒழுங்கான பதிலும் இருக்கிறது. அந்தப் பதில் எனக்கு மட்டும் உரியதல்ல. 2009 வரை வன்னியில் இருந்த எங்களில் பலருடைய காதுகள் ஏதோ ஓர் அளவில் அடிபட்டவை. அடிபட்டது தெரியாமலே பலர் இன்றைக்கும் தொலைபேசியில் “என்ன, என்ன” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

என்னுடைய விடயத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. நான் ஓட்டிசம் உள்ள பெண். மனநல வைத்தியர் ஒருவர் அதை உறுதிப்படுத்தியபோது எனக்கு வயது 34. அக்காவின் மகனைப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். “சத்தம் கேட்டால் காதைப் பொத்துவாரா? ஒரே ஒழுங்கில் எல்லாம் நடக்க வேண்டும் என்பாரா? ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைப்பாரா?” என்று அக்காவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அம்மா பேரனைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைத்தான் பார்த்தார்.

பிறப்போடு வந்தது

ஓட்டிசம் என்றதும் எங்கள் ஆட்களுக்குப் பேச்சு வராத சின்னப் பிள்ளைதான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து பெரிய ஆளாகும் என்பதையும், பேச்சு நன்றாக வருபவர்களுக்கும் ஓட்டிசம் இருக்கலாம் என்பதையும் யோசிப்பவர்கள் குறைவு. அமெரிக்காவில் பணியாற்றிய வைத்தியர் லியோ கானர் 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடுதான் இந்த நிலை வைத்திய உலகில் பரவலாக அறியப்பட்டது. அந்தப் பிள்ளைகளில் சிலர் பலத்த சத்தங்களுக்கு நடுங்கியதை அவர் அப்போதே குறித்திருக்கிறார். ஆனால் ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றுக்கு அளவுக்கு மிஞ்சியோ குறைந்தோ எதிர்வினை காட்டுவது, ஓட்டிசத்தை அடையாளம் காணும் அம்சங்களில் ஒன்றாக அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் கைநூலில் இடம்பெற்றது 2013இல்தான்.

இங்கே ஒரு தவறான விளக்கத்தைக் களைய வேண்டும். ஓட்டிசம் உள்ளவரின் காது மற்றவர்களுடையதை விடக் கூர்மையானது என்று சொல்வார்கள். காதைப் பரிசோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் சாதாரண அளவுதான் வரும். வித்தியாசம் காதுக்கு அப்பால், மூளையில் இருக்கிறது. கடற்கரையில் வீடு உள்ளவருக்குச் சில நாட்களில் அலைச் சத்தம் கேட்பதே இல்லை. காது அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மூளைதான் “இது தேவையில்லை” என்று ஒதுக்கிவிடுகிறது. இதைத்தான் பழகிப்போதல் என்கிறோம். ஓட்டிசம் உள்ள பலருக்கு இந்தப் பழகிப்போதல் மெதுவாக நடக்கிறது, சில ஒலிகளுக்கு நடப்பதே இல்லை.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்சாரம் இல்லாதபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை நாங்கள். வீட்டில் எல்லோரும் செய்தியைக் கேட்டார்கள். எனக்குக் கேட்டது டைனமோ. செய்தி அதற்குப் பின்னால் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மா தேங்காய் திருவும் சத்தமும், கிணற்றுக் கப்பியின் கிறீச்சும், நாலு பேர் கதைப்பதும் எனக்கு ஒரே அளவில் முன்னுக்கு வந்து நிற்கும். எதையும் பின்னுக்குத் தள்ள என் மூளைக்குத் தெரியாது.

வண்டு வந்த காலம்

சண்டைக் காலத்தில் இந்தக் காதுக்கு ஒரு மதிப்பு வந்தது. வேவு விமானத்தை வன்னிச் சனம் “வண்டு” என்று சொன்னது பலருக்கு நினைவிருக்கும். மற்றவர்கள் கதையும் வேலையுமாக இருக்கும்போது, எனக்கு அந்த ரீங்காரம் முதலில் பிடிபட்டுவிடும். பக்கத்து வளவுப் பெரியம்மா வேலியால் எட்டிப் பார்த்து, “பிள்ளை, என்ன கேக்குது?” என்பார். “வண்டு நிக்குது பெரியம்மா” என்றால், அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடத் தொடங்குவார். ஷெல் குத்தும் சத்தமும் அப்படித்தான். அவர்களின் காதிலும் அது விழுந்திருக்கும். அவர்களின் மூளை கதைச் சத்தத்துக்குப் பின்னால் அதை ஒதுக்கிவைத்தது. என்னுடையது ஒதுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் பதுங்குகுழிக்குள் நிலைமை தலைகீழ். சின்ன இடத்துக்குள் பத்துப் பதினைந்து பேர், குழந்தைகளின் அழுகை, தேவாரம், செபம், ஒருவரையொருவர் கூப்பிடும் குரல். வெளியே விழுகின்ற ஷெல்லை விட இது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. வெளியே ஓடிவிட வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடிக்கும். அம்மா சேலைத் தலைப்பை என் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டி, இரண்டு காதையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இன்றைக்கு ஓட்டிசம் பற்றிய பயிற்சிகளில் சொல்லித்தரும் இரண்டு விடயங்களை, சத்தத்தைக் குறைப்பதையும் அழுத்தம் கொடுப்பதையும், அவர் தானாகவே செய்திருக்கிறார். பங்கருக்குள் நிற்க மறுத்துக் கத்திய பிள்ளைகளைச் சொல்வழி கேளாதவை என்று அடித்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் என்னைப் போன்றவர்களோ என்று இப்போது யோசிக்கிறேன்.

ஷெல் காதுக்குள் செய்தது

2009 ஏப்ரலில், எனக்கு 23 வயதாக இருக்கும்போது, எங்கள் பதுங்குகுழிக்கு இடப்பக்கமாக ஒரு ஷெல் விழுந்தது. மண் மூட்டைகள் உயிரைக் காப்பாற்றின. இடது காதால் இரத்தம் வந்தது. சிறிது நேரம் எதுவுமே கேட்கவில்லை. பிறகு “கீ” என்று ஒரு சத்தம் தொடங்கியது. அது இன்னும் நிற்கவில்லை.

காதுக்குள் நடந்தது என்னவென்று பின்னாளில்தான் விளங்கிக்கொண்டேன். ஒலியின் அளவை டெசிபலில் சொல்வார்கள். சாதாரணமாகக் கதைப்பது 60 டெசிபல் அளவில் இருக்கும். 85 டெசிபல் சத்தத்தில் நாளொன்றுக்கு 8 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பது தொழிலிடங்களுக்கான பரிந்துரை. திடீர் வெடியோசை 140 டெசிபலைத் தாண்டினால் ஒரே தடவையிலும் காது நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒலியின் வலு பத்து மடங்காகும். அப்படியென்றால் 140 டெசிபல் என்பது நாங்கள் கதைக்கும் ஒலியைப் போல பத்துக் கோடி மடங்கு. அருகில் விழும் ஷெல் அதையும் தாண்டும்.

பலத்த சத்தம் வந்தால் நடுக்காதில் உள்ள சின்னத் தசைகள் இறுகி, உள்ளே போகும் ஒலியைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் அவை இறுகுவதற்கு ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு வரை எடுக்கும். வெடியோசை அதற்கு முன்னரே உள்ளே போய்விடும்.

கிழிந்த செவிப்பறை பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும். என்னுடையதும் மூடிக்கொண்டது. உட்காதில் நடந்தது அப்படி மாறவில்லை. அங்கே நத்தை ஓட்டைப் போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள். இவற்றில் ஏறத்தாழ 3,500 கலங்கள்தான் ஒலியை மூளைக்கு அனுப்புகின்றன. மிச்சம் 12,000 வரையானவை மெல்லிய ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கும் வேலையைச் செய்கின்றன. வெடியதிர்ச்சியில் பெரும்பாலும் முதலில் சாவது இந்த இரண்டாவது வகைதான். மனிதரில் செத்த மயிர்க்கலம் மீண்டும் முளைப்பதில்லை.

நிமிர முடியாத கொட்டில்

இப்போது முதற்கேள்விக்கு வருவோம். கேட்காத காதுக்கு எப்படிச் சத்தம் கூடும்?

மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் கலங்கள் இல்லாததால், மெல்லிய ஒலி எனக்குக் கேட்பதில்லை. பெரிய ஒலிக்கு அந்த உதவி தேவையில்லை. அது பழைய பலத்தோடு அப்படியே வந்து விழுகிறது. ஆகவே “கேட்கவில்லை” என்பதற்கும் “தாங்க முடியவில்லை” என்பதற்கும் நடுவே உள்ள இடைவெளி சுருங்கிவிடுகிறது. முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கீழே மேடு, மேலே பதிந்த கூரை. நடுவில் குனிந்துதான் நிற்கலாம். சுகமான காது உள்ளவர் கல்வீட்டுக்குள் நிமிர்ந்து நிற்கிறார், நான் தறப்பாளுக்குள் நிற்கிறேன்.

இன்னொரு விடயமும் உண்டு. காதிலிருந்து வரும் தகவல் குறைந்தவுடன் மூளை தன் பக்கத்தில் ஒலியைக் கூட்டிவைக்கிறது என்பது இன்றைய விளக்கங்களில் முக்கியமானது. சிற்றலையில் தமிழோசையும் வேரித்தாஸும் கேட்டவர்கள் நினைத்துப் பாருங்கள். நிலையம் மங்கலாகும்போது ஒலியைக் கூட்டுவோம், செய்தியோடு இரைச்சலும் சேர்ந்து கூடும். என் இடது காதில் ஓயாமல் கேட்கும் “கீ” அப்படி வந்த இரைச்சல்தான். அதைக் காதிரைச்சல் என்பார்கள். சாதாரண ஒலிகளும் வலிக்கின்ற அளவுக்குப் பெரிதாகக் கேட்பதை ஹைபரக்யூசிஸ் என்பார்கள். இரண்டும் அடிக்கடி ஒன்றாகவே வரும்.

வெடிச்சத்தத்தால் கெடுவது பெரும்பாலும் 4,000 ஹேர்ட்ஸ் அளவிலான உயர்ந்த ஒலிகள். தமிழில் ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்தவை, பலமானவை. த, ப, ச, க போன்ற வல்லினங்களைப் பிரித்துக் காட்டும் ஒலிக்கூறுகள் உயர்ந்தவை, மெல்லியவை. அதனால்தான் நீங்கள் கதைப்பது எனக்குக் கேட்கும், என்ன கதைக்கிறீர்கள் என்பது விளங்காது. “பத்து” என்றீர்களா, “பட்டு” என்றீர்களா? அப்போது நீங்கள் கத்திச் சொல்கிறீர்கள். கத்தும்போது கூடுவது அநேகமாக உயிரொலி. எனக்கு விளக்கம் கூடுவதில்லை, வலிதான் கூடுகிறது. காது குறைந்த எவரோடும் முகத்துக்கு முன் நின்று, ஆறுதலாக, சாதாரணக் குரலில் கதையுங்கள். கத்துவதை விட அது உதவும்.

வலி, பயம், நெரிசல்

“சண்டைக்குள்ள இருந்த எல்லாருக்கும் வெடிச்சத்தம் எண்டால் பயம்தானே” என்பார்கள். உண்மை. ஆனால் பயமும் வலியும் நெரிசலும் ஒன்றல்ல. பிரித்துப் பார்த்தால்தான் எதற்கு என்ன செய்வது என்று தெரியும்.

வலி காதிலிருந்து வருவது. அது எந்தச் சத்தம் என்று பார்ப்பதில்லை. சில்வர் கோப்பைக்குள் கரண்டி விழுந்தாலும் குத்தும், பிடித்த பாட்டைக் கூட்டி வைத்தாலும் குத்தும்.

பயம் நினைவிலிருந்து வருவது. அது ஆள் பார்த்துத்தான் வரும். தூரத்தில் மெல்லிதாகக் கேட்கும் ஹெலிகொப்டர் போதும், நெஞ்சு அடிக்கத் தொடங்கும், கண் முன்னே பழைய காட்சி வரும், அன்றிரவு நித்திரை வராது. காது முழுச்சுகமாக உள்ளவருக்கும் இது வரலாம். இதற்கு உளவளத்துணையும் மனநல வைத்தியமும் உதவும்.

நெரிசல் ஓட்டிசத்திலிருந்து வருவது. இங்கே சத்தத்தின் அளவை விட எண்ணிக்கைதான் பிரச்சினை. ஐந்து பேர் ஒரே நேரத்தில் மெதுவாகக் கதைத்தாலும் போதும். எனக்குச் சொல் வராமல் போய்விடும், முகம் இறுகிவிடும். அதைப் பார்ப்பவர்கள் எனக்குக் கோபம் அல்லது தலைக்கனம் என்று நினைப்பார்கள். “பழகினால் சரி வரும்” என்று பிடித்து இருத்தி வைப்பது இதற்கு மருந்தல்ல. ஓய்வும், தானாக எழும்பிப் போகும் உரிமையும்தான் உதவும்.

மற்றவர் மெல்லும் சத்தம், மூக்கை உறிஞ்சும் சத்தம் போன்ற குறிப்பிட்ட சில ஒலிகள் மட்டும் அடக்க முடியாத ஆத்திரத்தைத் தருவது நான்காவது வகை. அதை மிசோஃபோனியா என்கிறார்கள்.

எனக்கு முதல் மூன்றும் உண்டு. கோயிலில் ஒரு வெடி போட்டால், வலி ஒரு நிமிடம், பயம் ஒரு மணித்தியாலம், அதற்குப் பிறகு அன்றைய நாள் முழுவதும் ஒருவரோடும் கதைக்க முடியாத நெரிசல்.

என்ன செய்யலாம்

ஷெல், குண்டு, கண்ணிவெடி எதற்காவது கிட்ட இருந்த எவரும் ஒரு தடவையாவது செவிப்புலன் பரிசோதனை செய்வது நல்லது. அரச வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் கேட்கலாம். பரிசோதனையில் வலி இல்லை. சத்தம் தாங்காதவர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஒலியைப் படிப்படியாகக் கூட்டுவார்கள். காயத்துக்கு ஜென்ராமைசின் போன்ற ஊசிகள் பல நாள் போடப்பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த வகை மருந்துகளும் மயிர்க்கலங்களைக் கெடுக்கக் கூடியவை. செவிப்பறை கிழிந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் காதுக்குள் எண்ணெய் விட வேண்டாம். ஒரு காது திடீரெனக் கேட்காமல் போனால் அடுத்த கிளினிக் நாள் வரை பார்த்திருக்காமல் அன்றே போக வேண்டும். சிகிச்சைக்குக் காலம் முக்கியம்.

செவிப்புலன் கருவி சத்தத்தைக் கூட்டுவதால் எனக்கு ஆகாது என்றுதான் பலரும் சொன்னார்கள். முதலில் கிடைத்த கருவி எல்லா ஒலியையும் ஒரே மாதிரிக் கூட்டியது. மூன்றாம் நாள் கழற்றி வைத்துவிட்டேன். பிறகு ஒரு செவிப்புலன் வல்லுநர், எனக்குத் தாங்காமல் போகும் ஒலியளவை அளந்து, கருவி அதைத் தாண்டாதபடி எல்லை வைத்துத் தந்தார். இப்போது மெல்லிய ஒலி கூடுகிறது, பெரிய ஒலி கூடுவதில்லை. பகலில் காதிரைச்சலும் பின்னுக்குப் போய்விட்டது. கருவி வாங்கும்போது இந்த எல்லையைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

காதுமூடியும் காதடைப்பானும் எனக்குக் குடை மாதிரி. பஸ்ஸுக்கும் சந்தைக்கும் வேண்டும், வீட்டுக்குள் விரித்துக்கொண்டிருக்கக் கூடாது. 2003இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், சுகமான காது உள்ளவர்கள் இரண்டு வாரம் தொடர்ந்து காதை அடைத்து வைத்திருந்தபோது, அவர்களுக்குச் சாதாரண ஒலிகளே முன்னரை விடப் பெரிதாகக் கேட்கத் தொடங்கின. மெல்லிய ஒலியைத் தொடர்ந்து கேட்டவர்களுக்கு அது எதிர்மாறாக இருந்தது. ஆகவே தனிமையில் இருக்கும்போது காதை அடைக்காமல், மின்விசிறியையோ தொலைபேசியில் மழைச் சத்தத்தையோ மெல்லிதாக ஓடவிடுகிறேன். இரவில் “கீ” சத்தம் அதற்குள் கரைந்துவிடும், நித்திரை வரும்.

வீட்டுக்குள்ளும் ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. அம்மாவுக்கும் காது குறைந்துவிட்டது. அவர் தொலைக்காட்சியைக் கூட்டுவார், நான் குறைப்பேன். கொஞ்சக் காலம் இருவருக்கும் இதே சண்டைதான். இப்போது அம்மா ஹெட்போன் போட்டு நாடகம் பார்க்கிறார். சாப்பாட்டு நேரம் அதைக் கழற்றிவிட்டு என் வலப்பக்கம் வந்திருந்து கதைப்பார். வேலையிடத்தில் எனக்குச் சுவரோரமாக, இடது காது சுவர்ப்பக்கம் இருக்கும்படி ஒரு மேசை தந்திருக்கிறார்கள். தொலைபேசி வந்தால் பக்கத்து மேசைத் தங்கச்சி எடுத்து எழுதித் தருவாள், அவளுடைய கணக்கை நான் சரிபார்த்துக் கொடுப்பேன். இவை எதற்கும் பெரிய செலவில்லை.

ஊரிடம் கேட்பது

இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் வந்தது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வேண்டும் என்பது இப்போது எங்கள் ஊர்களில் ஓரளவு விளங்கியிருக்கிறது. சத்தமும் ஒரு படிக்கட்டுத்தான் என்பது இன்னும் விளங்கவில்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் சொல்லியிருக்கிறது. கோயில், தேவாலயம், பள்ளிவாசல், கலியாண மண்டபம் எதையும் நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. ஒலிபெருக்கியை வீடுகளுக்கு நேரே திருப்பிக் கட்டாதீர்கள். வெடி கொளுத்துவதென்றால் எத்தனை மணிக்கென்று அயலுக்கு முதல்நாளே சொல்லுங்கள். நேரம் தெரிந்தால் நாங்கள் காதுமூடியோடு இருப்போம். தெரியாமல் வரும் வெடிதான் எங்களை 2009க்கு இழுத்துக்கொண்டு போகிறது.

மே 18 பற்றியும் சொல்ல வேண்டும். முள்ளிவாய்க்காலில் ஒலிபெருக்கியும், ஆயிரம் பேரின் அழுகையும் ஒன்றாகக் கேட்கும் இடத்தில் என்னால் ஐந்து நிமிடம் நிற்க முடியாது. எனக்கும் அங்கே அழுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். காதுமூடியோடு தூரத்தில் கடல்பக்கமாக நின்று விளக்கேற்றிவிட்டு வருகிறேன். அப்படித் தள்ளி நிற்பவர்களையும் வராமல் வீட்டில் ஏற்றுபவர்களையும் மறந்துவிட்டவர்கள் என்று நினைக்காதீர்கள். ஒலிபெருக்கி இல்லாத ஓர் ஓரத்தை ஏற்பாட்டாளர்கள் ஒதுக்கித் தந்தால், என்னைப் போலப் பலர் அங்கே வந்து நிற்பார்கள்.

கடைசியாக, வீடுகளில் இருப்பவர்களுக்கு. உங்கள் வீட்டிலும் ஒரு தம்பியோ மாமியோ இருக்கலாம். கலியாண வீட்டுக்கு வரமாட்டார், சத்தம் போட்டால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார், “சண்டையோட விசர் பிடிச்சிட்டுது” என்று நீங்கள் விட்டிருப்பீர்கள். அவரை முதலில் காதுப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அதோடு, அவரைச் சிறுவயதில் வளர்த்தவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: சண்டைக்கு முன்னமும் இந்தப் பிள்ளை காதைப் பொத்தியதா? “ஓம்” என்று பதில் வந்தால், அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு “ஓம்” என் அம்மாவின் வாயால் வருவதற்கு 34 வருடங்கள் எடுத்தது, ஏனென்றால் அதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை.